வகுப்பறை இணையதளம் மக்கர் செய்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

“சார், சைட் ஓப்பன் ஆகல.” வகுப்புத் தளம் நடத்தும் ஆசிரியருக்கு அதிகம் வரும் புகார் இதுதான். இதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. டொமைன், அதாவது தளத்தின் பெயர் முகவரி, காலாவதியானாலும் மாணவர் இதையேதான் சொல்வார், ஒரு பிடிஎஃப்புக்கு அனுமதி கொடுக்க மறந்திருந்தாலும் இதையேதான் சொல்வார். எனவே செட்டிங்ஸில் கை வைப்பதற்கு முன், எங்கே உடைந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உடையக்கூடிய இடங்கள் நான்குதான்: பார்ப்பவரின் கருவி, நடுவில் உள்ள நெட்வொர்க், டொமைன், தளத்தின் ஃபைல்களை வைத்திருக்கும் சர்வர் சேவையான ஹோஸ்டிங்.

பிரித்துப் பார்க்கும் சோதனை, மூன்று நிமிட வேலை:

1. போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், இன்காக்னிட்டோ விண்டோவில் தளத்தைத் திறங்கள். இங்கே திறந்தால் தளத்தில் கோளாறு இல்லை. பெரும்பாலும் பள்ளி நெட்வொர்க்கோ அந்தக் குறிப்பிட்ட கம்ப்யூட்டரோதான் காரணம்.
2. சொந்த டொமைன் வைத்திருந்தால், ஹோஸ்டிங் முதலில் கொடுத்த இலவச முகவரியைத் திறந்து பாருங்கள். அது திறந்து, சொந்த முகவரி திறக்காவிட்டால் டிஎன்எஸ் சிக்கல், அதாவது டொமைன் பெயரைச் சர்வரோடு இணைக்கும் பதிவுகளில் கோளாறு. கிட்ஹப்பில் உள்ள ஃபைல்களையே தளமாகக் காட்டும் கிட்ஹப் பேஜஸில் மட்டும் இந்தச் சோதனை செல்லாது. சொந்த டொமைனை இணைத்த பிறகு பழைய முகவரி தானாகவே புதியதற்குத் திருப்பிவிடும்.
3. பிழைச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். 403 (அனுமதி மறுப்பு), 404 (பக்கம் இல்லை), 500 (சர்வர் பிழை) ஒவ்வொன்றும் வேறு வேறு வியாதி.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றித் தளம் சரியாகிவிட்டால் எது மருந்து என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

அறிகுறி: திருத்தினேன், ஆனால் மாணவர்களுக்குப் பழைய பக்கமே தெரிகிறது

கூகுள் சைட்ஸில் இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: பப்ளிஷ் பட்டனை அழுத்தவில்லை. கூகுள் டாக்ஸைப் போலத் தானாகச் சேமித்துக்கொள்வதால், மாற்றம் வெளியே போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். சேமிப்பு நடப்பது வரைவில் மட்டும். பப்ளிஷ் அழுத்தும்வரை வெளியே இருப்பது பழைய பிரதிதான்.

கிட்ஹப் பேஜஸில் மாற்றம் வெளியே வர 10 நிமிடம்வரை ஆகலாம். அதற்கு மேலும் வராவிட்டால் ரெப்பாசிட்டரியின் (கிட்ஹப்பில் உங்கள் ஃபைல்கள் இருக்கும் கிடங்கின்) ஆக்‌ஷன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் பில்ட் (ஃபைல்களைத் தளமாக்கும் வேலை) தோற்றுவிட்டது, பழைய பதிப்பு அப்படியே நிற்கிறது. குறியை அழுத்தினால் எந்த ஃபைலில் தடுமாறியது என்று தெரியும்.

வேர்ட்பிரஸ் என்றால், பக்கங்களின் நகலைச் சேமித்து வைத்துக் காட்டும் துணை நிரலான கேஷ் பிளகினைச் சந்தேகப்படுங்கள். லாகின் செய்திருக்கும் உங்களுக்குப் பெரும்பாலும் புதிய பக்கமும், மற்ற எல்லோருக்கும் கேஷில் கிடக்கும் பழைய பக்கமும் போகும். “எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது” என்று ஆசிரியரும் “இல்லை” என்று மாணவரும் மாறி மாறிச் சொன்னால் இதுவாகத்தான் இருக்கும். பிளகினில் கேஷைக் காலி செய்யும் பட்டன் இருக்கும்.

ஒரு படத்தை மட்டும் மாற்றி, பழைய படமே தெரிந்தால் வேறு கதை. கால அட்டவணைப் படத்தை அதே பெயரில் மறுபடி ஏற்றியிருப்பீர்கள். பெயர் மாறாததால் மாணவரின் பிரவுசர் தன்னிடம் இருக்கும் பழைய படத்தையே எடுத்துக் காட்டுகிறது. நாற்பது பேரையும் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்வதைவிட, ஃபைல் பெயரின் கடைசியில் 2 என்று சேர்த்து ஏற்றிவிடுவது சுலபம்.

அறிகுறி: தளம் திறக்கிறது, உள்ளே இருப்பதைத் தொட்டால் “அனுமதி இல்லை” என்கிறது

கூகுள் சைட்ஸின் ஷேர் பெட்டியில் வரைவுக்கு ஓர் அனுமதி, வெளியான தளத்துக்கு இன்னோர் அனுமதி என இரண்டு தனித்தனியாக இருக்கின்றன. தளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டாலும், அதில் பதித்திருக்கும் டிரைவ் ஃபைல்கள் தத்தம் அனுமதியையே பின்பற்றும். கதவு திறந்திருக்கும், பீரோ பூட்டியிருக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் நீங்கள் அந்தக் கணக்கில்தான் லாகின் ஆகியிருக்கிறீர்கள். எதை வெளியிட்டாலும் இன்காக்னிட்டோ விண்டோவில் ஒருமுறை திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தப் புகார்களில் பாதி வராது.

ஒவ்வொரு ஃபைலாக அனுமதி கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். தளத்துக்கென்று டிரைவில் ஒரே ஒரு ஃபோல்டர் வைத்து, அந்த ஃபோல்டரையே லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்று பகிருங்கள். உள்ளே போடும் எல்லாவற்றுக்கும் அந்த அனுமதி வந்துவிடும். மதிப்பெண் பட்டியல் போன்றவை அந்த ஃபோல்டர் பக்கமே போகக் கூடாது என்பதற்கும் இதுவேதான் காரணம்.

எல்லோருக்கும் திறக்கும் விருப்பமே பட்டியலில் இல்லையென்றால், உங்களுடையது பள்ளி கொடுத்த கணக்கு, அதன் அட்மின் வெளிப்பகிர்வைத் தடுத்து வைத்திருக்கிறார். உங்கள் பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் தீர்வு கிடைக்காது, அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கூகுள் ஃபார்ம் லாகின் கேட்டால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒருவர் ஒருமுறை மட்டும் பதிலளிக்கலாம் என்ற கட்டுப்பாடு இருந்தால் லாகின் கட்டாயம். ஃபைல் ஏற்றச் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்று இருந்தாலும் முழு ஃபார்மும் லாகின் கேட்கும். மூன்றாவது, பதிலளிப்பவர் உங்கள் நிறுவனக் கணக்கு உடையவராக மட்டும் இருக்க வேண்டும் என்ற அமைப்பு. பள்ளிக் கணக்கில் உருவாக்கிய ஃபார்ம்களில் முதலில் இதைப் பாருங்கள்.

அறிகுறி: 404, பக்கம் கிடைக்கவில்லை

முதல் பக்கமே 404 என்றால், முதற்பக்க ஃபைல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்ற பெயரை முழுக்கச் சிறிய எழுத்தில் வைத்து, மேல்மட்டத்திலேயே போட வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து ஃபோல்டரோடு இழுத்துப் போடும்போது, ஃபோல்டருக்குள் ஃபோல்டராக உள்ளே போய் உட்கார்ந்துவிடும். கிட்ஹப்பில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. இலவசக் கணக்கில் ரெப்பாசிட்டரி பொதுவில் இருந்தால்தான் பேஜஸ் வேலை செய்யும். பெயர் அடிக்கோட்டில் தொடங்கும் ஃபோல்டர்களை, பக்கங்களைத் தயாரிக்கும் ஜெக்கில் என்ற நிரல் கண்டுகொள்ளாது, வேறு மென்பொருளிலிருந்து ஏற்றுமதி செய்த பாடங்களில் படங்கள் காணாமல் போனால் ஃபோல்டர் பெயரைப் பாருங்கள்.

சாதாரண ஹோஸ்டிங்கில் 404-க்குப் பதிலாக ஃபைல்களின் பட்டியல் வெளிப்படையாகத் தெரியலாம். காரணம் அதேதான். ஃபைல்கள் பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டருக்குள் நேரடியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வேர்ட்பிரஸில் முகப்பு திறந்து, மற்றப் பக்கங்கள் மட்டும் 404 என்றால், செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் சேவ் மட்டும் அழுத்துங்கள். முகவரி விதிகள் புதிதாக எழுதப்படும். சர்வர் மாற்றிய பிறகு வரும் 404 பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

உங்கள் கம்ப்யூட்டரில் எல்லாம் திறக்கிறது, வெளியே ஒரு படம்கூட வரவில்லையா? லிங்க்கைக் கூர்ந்து படியுங்கள். அது சி டிரைவ் என்று தொடங்கினால், சர்வரில் இருக்கும் ஃபைலுக்குப் போகாமல் உங்கள் டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபைலுக்குப் போகிறது. அந்த ஃபைல் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் மட்டும் அது வேலை செய்யும். இன்னொன்று பெரிய எழுத்து, சிறிய எழுத்து விவகாரம். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும். பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸ், அங்கே இரண்டும் வேறு வேறு ஃபைல்கள். கேமரா கொடுக்கும் ஃபைல் பெயரின் முடிவில் உள்ள ஜேபிஜி என்ற வால், பெரிய எழுத்தில் வருவது வழக்கம். லிங்க்கில் நீங்கள் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள்.

ஃபைல் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்றால், பக்கத்தின் தலைப்பைத் தாராளமாக வைக்கலாம், ஃபைல் பெயரையும் முகவரியையும் வைக்காமல் இருப்பது நல்லது. எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக மாறும். ‘பாடம்’ என்ற சொல்லில் ப, துணைக்கால், ட, ம, புள்ளி என 5 குறிகள், முகவரியில் அது 45 எழுத்து. வேர்ட்பிரஸில் முகவரிச் சொல்லுக்கு 200 எழுத்துதான் இடம், அதாவது சுமார் 22 தமிழ்க் குறிகள். ‘காலாண்டுத் தேர்வு கால அட்டவணை’ என்ற தலைப்பிலேயே 26 குறிகள் இருப்பதால் கடைசியில் வெட்டுப்படும். போதாததற்கு, ‘கொ’ என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், சர்வருக்கு வேறு வேறு பெயர். பழைய மேக் கம்ப்யூட்டர்களில் உருவான ஃபைல் இப்படிப் பிரிந்த வடிவில் இருக்கும். லிங்க்கில் நீங்கள் தட்டச்சு செய்தது சேர்ந்த வடிவில் இருந்தால், எத்தனை முறை எழுத்தெழுத்தாகப் பார்த்தாலும் தப்பு தெரியாத 404 கிடைக்கும்.

அறிகுறி: தமிழ் எழுத்து குழம்பிக் கிடக்கிறது

எப்படிக் குழம்பியிருக்கிறது என்பதை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு வகைக்கும் வேறு காரணம், ஒரு வகையை மீட்கவே முடியாது.

வெற்றுச் சதுரங்கள்: எழுத்து சரியாகவே இருக்கிறது, அந்தக் கருவியில் தமிழ் ஃபான்ட் இல்லை. ஆய்வகத்தின் பழைய கம்ப்யூட்டர்களில் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன் போன்றவை கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கின்றன, ஒன்றைத் தளத்திலேயே இணைத்துவிட்டால் கருவியை நம்ப வேண்டியதில்லை.

தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில ஏயும், வட்டத்துக்குள் ஆரும் திரும்பத் திரும்ப வருகின்றன: யூடிஎஃப்-8-இல் எழுதியதைப் பிரவுசர் வேறு முறையில் படிக்கிறது. தமிழின் பெரும்பாலான எழுத்துகள் ஒரே இரண்டு பைட்டுகளில் தொடங்குவதால்தான் அந்த ஜோடி வரிக்கு வரி வருகிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துமுறையை யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் மெட்டா வரியைச் சேருங்கள். அது முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். நீளமான ஸ்கிரிப்ட் ஒன்றுக்குக் கீழே போட்டால் பிரவுசர் அதைப் பார்க்காமலே முடிவெடுத்துவிடக்கூடும்.

வரிசையாகக் கேள்விக்குறிகள்: ‘அம்மா’ இருந்த இடத்தில் ஐந்து கேள்விக்குறி நின்றால், எழுத்து சேமிக்கும்போதே அழிந்துவிட்டது. எந்த செட்டிங்கை மாற்றினாலும் திரும்பாது, பேக்கப்பிலிருந்து எடுக்க வேண்டும் அல்லது மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். பழைய லத்தீன் முறையில் உருவாக்கிய டேட்டாபேஸ், 1903 பதிப்புக்கு முந்தைய விண்டோஸ் 10 நோட்பேடில் ஆன்சி என்று சேமித்த ஃபைல், எக்செல்லில் வெறும் சிஎஸ்வி என்று சேமித்த பெயர்ப் பட்டியல் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். எக்செல்லில் சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று தனியாக ஒரு தேர்வு இருக்கிறது, அதையே எடுங்கள். டேட்டாபேஸை யூடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துமுறைக்கு மாற்றிவிட்டுத்தான் மறுபடி தட்டச்சு செய்ய உட்கார வேண்டும்.

ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த, படிக்கவே முடியாத வரிகள்: பாமினி போன்ற பழைய ஃபான்ட் முறையில் தட்டச்சு செய்த வினாத்தாளை அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள். அந்த ஃபான்ட் இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் தமிழாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுத்த பிறகே ஒட்டுங்கள்.

மாற்றிய பிறகு புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று கொம்புக்குப் பக்கத்தில் தெரிந்தால், மாற்றி சரியில்லை. பழைய முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு முதலில், மெய் பிறகு. யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு. வரிசையைத் திருப்பாத மாற்றியைத் தூக்கிப்போட்டு வேறொன்றைப் பயன்படுத்துங்கள். கையால் திருத்த ஆரம்பித்தால் முடியாது.

அறிகுறி: “பாதுகாப்பானது அல்ல” என்ற எச்சரிக்கை

எல்லாக் கருவியிலும் வருகிறதா, ஆய்வகக் கம்ப்யூட்டர் ஒன்றிரண்டில் மட்டும் வருகிறதா? ஒன்றிரண்டில் மட்டும் என்றால் திரையின் ஓரத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். பத்தாண்டுக்கு முந்தைய ஏதோ ஒரு ஜனவரி 1 அங்கே இருக்கும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் தொடக்கத் தேதிக்குப் போய்விடும். தளம் உண்மையானது என்று பிரவுசருக்கு உறுதிசொல்லும் சான்றிதழ் அந்தத் தேதியில் பிறக்கவே இல்லை என்பதால் பிரவுசர் மறுக்கிறது. தேதியைச் சரிசெய்தால் இன்று திறக்கும், பேட்டரியை மாற்றினால்தான் நாளைக்கும் திறக்கும்.

பழைய போன்களில் மட்டும் வந்தால், ஆண்ட்ராய்டு பதிப்பு 7.1.1-க்கு முந்தையதா என்று கேளுங்கள். இலவச ஹோஸ்டிங்குகள் பரவலாகப் பயன்படுத்தும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் மூலச்சான்று அந்தப் போன்களில் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் தன் சொந்தச் சான்றுப் பட்டியலோடு வருவதால், அந்தப் போனில் ஓடும் ஃபயர்ஃபாக்ஸ் இருந்தால் தளம் திறக்கும்.

எல்லோருக்கும் வந்தால் பெரும்பாலும் உங்கள் சான்றிதழ்தான் காலாவதி. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வழக்கமாக 90 நாள் செல்லும், ஹோஸ்டிங் தானாகப் புதுப்பிக்கும். புதுப்பிப்பு நின்றுபோனால், அதற்கு முன் டிஎன்எஸ்ஸில் யாரோ எதையோ மாற்றியிருப்பார்கள், அதைத் தேடுங்கள். எச்சரிக்கை எதுவும் இல்லாமல், பக்கத்தின் நடுவில் மட்டும் ஒரு பெட்டி காலியாகத் தெரிந்தால், எச்டிடிபிஎஸ் பக்கத்துக்குள் பழைய எச்டிடிபி முகவரியை எம்பெட் செய்திருக்கிறீர்கள். பிரவுசர் அதைத் தடுத்துவிடும். முகவரியில் எஸ் சேர்த்துப் பாருங்கள். அந்தத் தளத்துக்கு எச்டிடிபிஎஸ் இல்லையென்றால் வெறும் லிங்க்காகக் கொடுங்கள்.

அறிகுறி: சொந்த டொமைன் இணைத்தும் திறக்கவில்லை

கூகுள் சைட்ஸ்: மூன்று டபிள்யூ உள்ள முகவரிக்கு ஒரு சிநேம் ரெக்கார்ட் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் டிஎன்எஸ் பதிவு) போட்டு, ஜிஎச்எஸ்.கூகுள்ஹோஸ்டட்.காம் என்பதைக் காட்ட வேண்டும். மூன்று டபிள்யூ இல்லாத வெறும் டொமைனை, மூன்று டபிள்யூ உள்ள முகவரிக்கு டொமைன் விற்றவரின் பேனலில் ஃபார்வர்ட் செய்ய வேண்டும். வெறும் டொமைனுக்கே சிநேம் போட முயன்றால் பேனல் பெரும்பாலும் மறுக்கும். அந்த இடத்தில் நேம்சர்வர் (டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) ரெக்கார்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன, சிநேம் இருக்கும் இடத்தில் வேறு ரெக்கார்ட் இருக்கக் கூடாது என்பது டிஎன்எஸ் விதி.

கிட்ஹப் பேஜஸ்: வெறும் டொமைனுக்கு நான்கு ஏ ரெக்கார்டுகள் (பெயரை ஐபி எண்ணோடு இணைக்கும் பதிவுகள்). 185.199.108.153, 185.199.109.153, 185.199.110.153, 185.199.111.153. மூன்று டபிள்யூவுக்கு, உங்கள் பயனர்பெயரில் தொடங்கும் கிட்ஹப் முகவரியைக் காட்டும் சிநேம். ஹோஸ்டிங்கின் பழைய ஏ ரெக்கார்ட் ஒன்று அழிக்கப்படாமல் மிச்சம் இருந்தால், தளம் சில சமயம் திறக்கும், சில சமயம் வேறெங்கோ போகும். இந்த ‘சில சமயம்’ என்ற சொல்லைக் கேட்டால் நேராக ரெக்கார்ட் பட்டியலைத் திறங்கள்.

ரெக்கார்ட் மாற்றம் பரவச் சில மணி நேரம், நேம்சர்வர் மாற்றம் பரவ 48 மணி நேரம்வரை ஆகலாம். அந்த இடைவெளியில் பொறுமையிழந்து மறுபடி மறுபடி மாற்றினால் காத்திருப்பு நீளும். நேம்சர்வரையே மாற்றுவதாக இருந்தால், பழைய இடத்தில் உள்ள எல்லா ரெக்கார்டுகளையும் முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்ட் விட்டுப்போனால் தளம் திறக்கும், பள்ளியின் மின்னஞ்சல் நின்றுவிடும். தளத்தைத் தொட்டவர் மேல்தான் பழி வரும், அது நியாயமும்கூட.

புது டொமைன் இரண்டு வாரம் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று நின்றதா? டாட்காம், டாட்ஆர்க் போன்றவற்றில் வாங்கியவரின் மின்னஞ்சலை 15 நாளுக்குள் உறுதிப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் டொமைன் முடக்கப்படும். அந்த உறுதிப்படுத்தும் லிங்க் ஸ்பாமில் கிடக்கும்.

அறிகுறி: வேர்ட்பிரஸில் வெள்ளைத் திரை, அல்லது “கடும் பிழை”

இதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் ஏதோ ஒரு பிளகினோ தீமோ அப்டேட் ஆகியிருக்கும். வேர்ட்பிரஸ் 5.2 முதல், அட்மின் மின்னஞ்சலுக்கு மீட்பு லிங்க் ஒன்று வரும், குற்றவாளிப் பிளகினின் பெயரும் அதிலேயே இருக்கும். மின்னஞ்சல் வராவிட்டால்:

1. ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரைத் திறந்து, பிளகின்ஸ் ஃபோல்டரின் பெயர் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்து மாற்றுங்கள்.
2. இப்போது லாகின் ஆனால் பிளகின்ஸ் பக்கத்தை ஒருமுறை திறங்கள். பிளகின் எதுவும் கிடைக்கவில்லை என்று எல்லாவற்றையும் வேர்ட்பிரஸ் செயலிழக்கச் செய்துவிடும்.
3. ஃபோல்டர் பெயரைப் பழையபடி மாற்றுங்கள். ஒவ்வொன்றாக இயக்குங்கள், ஒவ்வொன்றுக்கும் பிறகு முகப்பைத் திறந்து பாருங்கள். எதை இயக்கியதும் வெள்ளைத் திரை வருகிறதோ அதுதான்.

இதிலும் பிடிபடவில்லையென்றால் சர்வருக்கான விதிகள் உள்ள எச்டிஆக்சஸ் ஃபைலின் பெயரை மாற்றிப் பாருங்கள், 500 பிழைக்கு அது அடிக்கடி காரணம். ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 அனுமதி. எங்கோ படித்துவிட்டு 777 (யாரும் மாற்றலாம் என்ற அனுமதி) போடாதீர்கள்.

டேட்டாபேஸ் இணைப்புப் பிழை என்றால், கான்ஃபிக் ஃபைலில் உள்ள டேட்டாபேஸ் பெயர், பயனர், பாஸ்வேர்ட், ஹோஸ்ட் நான்கையும் பேனலோடு ஒப்பிடுங்கள். யாரும் எதையும் தொடவில்லை என்றால் டிஸ்க் நிரம்பிவிட்டதா பாருங்கள். பேக்கப் பிளகின் வாரா வாரம் எடுக்கும் ஜிப்பை அதே ஹோஸ்டிங்கிலேயே குவித்து வைத்திருக்கும். பராமரிப்பு நடக்கிறது என்ற செய்தி வந்தால் 10 நிமிடம் சும்மா இருங்கள், அதற்குப் பிறகு வேர்ட்பிரஸ் தானே அதைப் புறக்கணித்துவிடும். இன்னும் தெரிந்தால் கேஷ்.

வெளிப்படையாகச் சொன்னால், பாடக் குறிப்பும் அறிவிப்பும் மட்டுமே போடும் தளத்துக்கு, சொந்தமாக நிறுவிய வேர்ட்பிரஸ் தேவையில்லை. மாதம் ஒருமுறையாவது அப்டேட் பார்க்க ஆள் இல்லாவிட்டால் கூகுள் சைட்ஸுக்குப் போய்விடுங்கள். எச்டிஎம்எல் எழுதத் தெரிந்தவர் கிட்ஹப் பேஜஸோ நியோசிட்டீஸோ எடுத்துக்கொள்ளலாம், உடைவதற்கு அங்கே டேட்டாபேஸ் கிடையாது.

அறிகுறி: ஃபைல் ஏறவில்லை

வேர்ட்பிரஸில் 2 எம்பிக்கு மேல் மறுத்தால் அது பிஎச்பியின் இயல்பு வரம்பு. ஹோஸ்டிங் பேனலில் அப்லோட் வரம்பை உயர்த்தும்போது போஸ்ட் வரம்பையும் (ஒருமுறை அனுப்பும் மொத்த அளவு) சேர்த்து உயர்த்துங்கள், அதன் இயல்பு அளவு 8 எம்பி. அதை விட்டுவிட்டால் 10 எம்பி ஃபைல் காரணம் சொல்லாமல் தோற்கும். கிட்ஹப்பில் பிரவுசர் வழியே ஒரு ஃபைலுக்கு 25 எம்பி, கிட் என்ற நிரல் வழியே 100 எம்பி, தளம் மொத்தம் 1 ஜிபி. வீடியோவை இவற்றில் ஏற்றவே வேண்டாம்.

ஏறிவிட்டது ஆனால் படம் தெரியவில்லை என்றால் ஃபைலின் வாலைப் பாருங்கள். ஐபோன் தரும் ஹெச்இஐசி படங்களைக் குரோம் காட்டாது. ஜேபெக் ஆக மாற்றி ஏற்றுங்கள். பழைய விளையாட்டுப் பாடம் வெற்றுப் பெட்டியாகத் தெரிந்தால் அது ஃபிளாஷ். 2020 இறுதியோடு அதன் ஆதரவு முடிந்துவிட்டது.

அறிகுறி: வகுப்பில் மட்டும் ஆமை வேகம்

போன் கேமராவின் 4000 × 3000 படம் ஒன்று சுமார் 4 எம்பி. விளையாட்டு விழாப் பக்கத்தில் 20 படம் என்றால் 80 எம்பி. நாற்பது மாணவர்கள் ஒரே நேரத்தில் திறந்தால் 3.2 ஜிபி. 50 எம்பிபிஎஸ் இணைப்பு முழுவதையும் அவர்களுக்கே கொடுத்தாலும் எட்டரை நிமிடம். இதே படங்களை 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, ஜேபெக் தரம் 75 அளவில் சேமித்து ஒவ்வொன்றையும் 250 கேபிக்குள் கொண்டுவந்தால், நாற்பது பேருக்கும் சேர்த்து 200 எம்பி, அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஸ்கூஷ் போன்ற கருவியில் பிரவுசரிலேயே சுருக்கலாம். கிட்ஹப் பேஜஸில் மாதம் 100 ஜிபி என்ற மென்வரம்பும் உண்டு. 80 எம்பி பக்கத்தை 1250 முறை திறந்தால் அது தீர்ந்தது.

அறிகுறி: வீட்டில் திறக்கிறது, பள்ளியில் யாருக்கும் திறக்கவில்லை

பள்ளி ஃபில்டர் புதிதாகப் பதிவான டொமைன்களைத் தடுக்கலாம், அப்போது தடுத்த பக்கத்தில் ஃபில்டரின் பெயரோ வகையோ எழுதியிருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நெட்வொர்க் பார்ப்பவரிடம் கொடுங்கள்.

அப்படி எந்தப் பக்கமும் வராமல், வகுப்பு தொடங்கிய ஐந்து நிமிடம் திறந்துவிட்டுப் பிறகு எல்லோருக்கும் ஒன்றாக 403 வந்தால், தடுத்தது உங்கள் ஹோஸ்டிங்கேதான். முழுப் பள்ளியும் வெளியுலகுக்கு ஒரே ஐபி முகவரியாகத் தெரிகிறது. ஒரே ஐபியிலிருந்து நாற்பது பேர் ஒரே நிமிடத்தில் லாகின் செய்வதும், அதில் நான்கு பேர் பாஸ்வேர்டைத் தப்பாகப் போடுவதும், சர்வரின் ஃபயர்வாலுக்குத் தாக்குதல் போலத் தெரியும். வேர்ட்பிரஸின் லாகின் கட்டுப்பாட்டுப் பிளகினும் இப்படியே ஒரு மாணவரின் தப்புக்கு வகுப்பையே பூட்டும். பள்ளியின் ஐபியைப் பிளகினில் அனுமதிப் பட்டியலில் சேருங்கள், ஃபயர்வாலுக்கு ஹோஸ்டிங் உதவிப் பிரிவில் எழுதிக் கேளுங்கள்.

அறிகுறி: தளமே காணோம்

கூகுள் சைட்ஸ் தளம் டிரைவில் இருக்கும் ஒரு ஃபைல். யாராவது அழித்திருந்தால் 30 நாள் டிராஷில் இருக்கும். உருவாக்கிய ஆசிரியர் பள்ளி மாறி, அவர் கணக்கை நீக்கியிருந்தால் தளமும் போகும், பதித்த ஃபைல்களும் போகும். கணக்கை நீக்கும் முன் உரிமையை மாற்றச் சொல்லுங்கள், அல்லது தொடக்கத்திலேயே ஷேர்ட் டிரைவில் உருவாக்குங்கள். தனிப்பட்ட கூகுள் கணக்கு 2 ஆண்டு பயன்படாமல் கிடந்தால் நீக்கப்படலாம். பள்ளிக் கணக்குகளுக்கு அந்த விதி இல்லை.

டொமைன் காலாவதியாகி நீக்கப்பட்டிருந்தால், டாட்காமுக்கு மீட்புக் காலம் 30 நாள், அதற்குக் கூடுதல் கட்டணம். அதுவும் கடந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், உங்கள் பாடப் புத்தகத்தில் ஒட்டிய கியூஆர் கோடு வேறு யாரோ ஒருவரின் தளத்துக்குப் போகும். அந்தக் கோடுகளை அன்றே கிழித்துவிடுங்கள்.

அறிகுறி: மாணவரின் படத்தை நீக்கியும் இன்னும் கிடைக்கிறது

கிட்ஹப்பில் ஃபைலை அழித்தாலும் ரெப்பாசிட்டரியின் வரலாற்றில் அது இருக்கும், பொது ரெப்பாசிட்டரி என்பதால் யாரும் எடுக்கலாம். வரலாறே வேண்டாம் என்றால் ரெப்பாசிட்டரியை முழுவதும் நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுவதுதான் சுலபமான வழி. அதற்குள் யாராவது ஃபோர்க் (தன் கணக்கில் நகல்) எடுத்திருந்தால் அந்த நகல் தனியாக இருக்கும் என்பதால், நீக்கும் முன் ஃபோர்க் எண்ணிக்கையைப் பாருங்கள். வேர்ட்பிரஸில் பதிவை அழித்தால் படம் அழியாது, மீடியா லைப்ரரியில் தனியாக அழிக்க வேண்டும். கூகுள் தேடலில் தெரிந்தால், முதலில் சர்வரிலிருந்து நீக்கிவிட்டு, சர்ச் கன்சோலில் நீக்கக் கோரிக்கை கொடுங்கள். கோரிக்கை சுமார் 6 மாதம் மட்டுமே மறைக்கும். சர்வரில் படம் அப்படியே இருந்தால் அதற்குப் பிறகு மறுபடி வந்து நிற்கும்.